கதவுக்குப் பின்னால் ஒரு சிலுவை

அப்பாவின் கல்லறைச் சிலுவை ஐந்து மாதமாக எங்கள் குசினிக் கதவுக்குப் பின்னால் அடுப்பு விறகோடு சாய்ந்து நின்றது. தச்சர் குணபால பாஸ் பலாப் பலகையில் நன்றாகத்தான் செய்து கொடுத்தார். இதில் என்ன எழுதுவது என்று அவர் சிங்களத்தில் கேட்டாரே, அன்று பிடித்தது எங்கள் வீட்டுக்கு வினை.

பெரியண்ணன் இருதயராஜ் எங்கள் ரப்பர்த் தோட்டத்துக் கத்தோலிக்கக் கோவிலில் செபம் சொல்பவர். ஃபாதர் மாதம் ஒருமுறைதான் பூசைக்கு வருவார், மற்ற ஞாயிறுகளில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். சின்னண்ணன் ஸ்ரான்லி கலியாணத்துக்குப் பிறகு தெஹியோவிட்டையில் ஒரு சபையில் சேர்ந்து, ஆற்றில் முழுகி ஞானஸ்நானம் எடுத்தவர். இருவரும் சேர்ந்துதான் அப்பாவைச் சுமந்தார்கள். அதுவரை சண்டையில்லை.

"இவரோட ஆன்மா சாந்தியடைய வேண்டிக்கோங்கன்னு எழுதுவோம். நம்ம தோட்டத்துல காலங்காலமா அதுதானே வழக்கம்" என்றார் பெரியண்ணன்.

"செத்தவங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி வேதத்துல எங்கண்ணே இருக்கு? ஒரு வசனம் போடுவோம், போதும்."

"மக்கபேயர் ஆகமத்துல இருக்கு. எடுத்துப் பாரு."

"அப்பிடி ஒரு ஆகமமே எங்க வேதத்துல இல்லையே."

"நீங்க கழட்டிப் போட்டா அதுக்கு நானா பொறுப்பு? எது வேதம், எது வேதமில்லன்னு முடிவு பண்ணுனதே திருச்சபைதான்டா."

"கர்த்தரோட வார்த்தைக்கு எந்தச் சபையும் முத்திரை குத்தத் தேவையில்லண்ணே."

இது ஒருநாள் பேச்சென்றால் பரவாயில்லை. ஏழாம் நாளும் இதே, முப்பத்தோராம் நாளும் இதே. தட்டில் சோறு ஆறிப்போகும், இருவரும் பைபிளைப் புரட்டுவார்கள். எனக்கு இருவரையும் இழுத்துப்போய் ஆற்றில் தள்ளலாம் போல இருந்தது. சின்னண்ணனுக்குப் பழக்கம்தான், இன்னொரு தடவை முழுகட்டும்.

"எழுத்தே வேணாம்டா. சும்மா நட்டு வைங்க" என்று அம்மா கெஞ்சினார். அம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கல்லறைத் திருநாளில் அப்பாவின் தலைமாட்டில் ஒரு மெழுகுதிரி ஏற்ற வேண்டும்.

"மொட்டையா நட்டா அநாதப் பொணம்னு நெனப்பாங்கம்மா" என்றார் பெரியண்ணன். சின்னண்ணனும் தலையாட்டினார். ஐந்து மாதத்தில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். அப்பாவின் தலைமாட்டில் அடையாளத்துக்கு நட்ட ரப்பர்க் கம்பே நின்றது.

ஒக்டோபரில் விடாமல் மழை. கல்லறைத் தோட்டத்துக்கு மேலே இருந்த மண்மேடு ஒருநாள் சரிந்தது.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு, நாலு பேரும் போனோம். "நான் திரி ஏத்த மாட்டேன், புல்லு மட்டும் வெட்டித் தாறேன்" என்று சொல்லித்தான் சின்னண்ணன் வந்தார். அங்கே வெட்டப் புல்லே இல்லை. வரிசை முழுவதையும் சேறு மூடிக் கிடந்தது. சிலுவை நட்டவர்களின் சிலுவைகள் மட்டும் சேற்றுக்கு மேலே எட்டிப் பார்த்தன. எங்கள் கம்பைக் காணோம்.

"இதுதான் அப்பா" என்று பெரியண்ணன் ஓரிடத்தில் போய் நின்றார்.

"இல்லண்ணே, அந்தா அந்தப் பக்கம். நான்தானே மண்ணு தள்ளுனேன்."

"தலமாட்டுல நின்னு செபம் சொன்னது நான்டா. எனக்குத் தெரியாதா?"

"ஒங்களுக்கு எல்லாமே தெரியும்!"

இருவர் கக்கத்திலும் பைபிள். வாய் மட்டும் ஓயவில்லை. அப்பாவையே தொலைத்துவிட்டு என்ன பேச்சு இது என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அம்மா அழவில்லை. கொளுத்தாத மெழுகுதிரியோடு இருவருக்கும் நடுவே போய் நின்றார்.

"தொறங்கடா" என்றார்.

"என்னம்மா?"

"ரெண்டு பேரும் ஒங்கஒங்க வேதத்தத் தொறங்க. ஒங்கப்பா எங்க படுத்திருக்காருன்னு அதுல போட்டிருக்கா பாருங்க."

அம்மா கொளுத்தாத திரியையும் தீப்பெட்டியையும் மடியில் செருகிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.