மிச்சம் பிடித்த நேரம்

"அப்பா, பஸ் அதே வேகத்துலதான் வருது, அதே இடத்துலதான் நிக்குது. மெதுவா பிரேக் போட்டா ஒண்ணும் ஆகல. சட்டுனு போட்டா மட்டும் ஏன் எல்லாரும் முன்னாடி போய் விழறாங்க?"

பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், இயற்பியல் வீட்டுப்பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பஸ் டிரைவரான அவர், சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே, "உங்க டீச்சரைக் கேளும்மா, எனக்கு நேரமாச்சு" என்று கிளம்பினார்.

அவருக்கு எப்போதும் நேரமாகிக்கொண்டேதான் இருந்தது. நிறுத்தம் கண்ணெதிரே வரும்வரை வேகத்தைக் குறைக்க மாட்டார். பிறகு பிரேக்கை ஒரே மிதி. அப்படி அங்கங்கே மிச்சம் பிடித்துத்தான் வண்டியைத் தாமதமில்லாமல் ஓட்டுவதாக அவருக்குப் பெருமை.

"அண்ணே, ஒருநாள் நான் முன்கண்ணாடியில ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிக்கப் போறேன்" என்பார் கண்டக்டர்.

"கம்பியைப் பிடிச்சு நில்லுய்யா."

அன்று மதியம் இறங்குவதற்காக எழுந்து நின்ற தையல்கார அக்கா, துணிமூட்டையோடு இரும்புக் கம்பியில் போய் மோதினார். வலது மணிக்கட்டு முறிந்தது.

டிரைவர்மேல் ஏற்கெனவே புகார்கள் இருந்தன. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். விசாரணையில் அந்த அக்கா மாவுக்கட்டோடு வந்து, "நான்தாங்க கம்பியைப் பிடிக்காம நின்னேன்" என்றார்.

வெளியே வந்ததும் டிரைவர் தடுமாறினார். "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"வீட்ல பொண்ணு படிக்குதாமே, கண்டக்டர் சொன்னாரு. என் கை ஒட்டிக்கும். போங்க தம்பி."

எலும்பு ஒட்டியது. ஆனால் பெரிய கத்தரிக்கோலைப் பிடிக்கும் பலம் அந்தக் கைக்குத் திரும்பவில்லை. இப்போது பொத்தான் மட்டும்தான் தைக்கிறார் என்று கேள்விப்பட்ட அன்று, டிரைவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அன்னிக்கு என்னமோ கேட்டியேம்மா. பதில் கிடைச்சுதா?"

"கிடைச்சுதுப்பா. வண்டியோட போற நம்ம உடம்புக்கும் உந்தம் இருக்கு. நிக்கறப்போ அது முழுசாப் போயாகணும், மெதுவா நின்னாலும் சரி, சட்டுனு நின்னாலும் சரி. விசையையும் அது வேலை செய்யற நேரத்தையும் பெருக்கினா வர்றதுதான் கணத்தாக்கு. உந்தம் எவ்வளவு மாறுதோ, அதுவும் அவ்வளவுதான். அதனால பாதி நேரத்துல நிறுத்தினா, ரெண்டு மடங்கு அடி."

டிரைவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் சேமித்ததாக நினைத்த நேரமெல்லாம் யார் எலும்பில் போய் இறங்கியது என்பது இப்போதுதான் தெரிந்தது. அன்று காலையிலேயே இதைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கலாம். கடவுள் சில சமயம் நம் வீட்டுப் பிள்ளையின் வாயால்தான் எச்சரிக்கிறார். நாமோ செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அதன்பின் வண்டி தாமதமாக வரத் தொடங்கியது. டிப்போவில் 'ஆமை' என்று பட்டம் கட்டினார்கள். அவர் வேகத்தைக் கூட்டவில்லை.

ஒரு பிற்பகல் அந்த அக்கா ஏறினார். பேருந்தில் வேறு பயணிகள் இல்லை. கண்டக்டர் பின்னிருக்கையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அக்காவும் வலது கையை மடியில் வைத்தபடி கண்ணயர்ந்தார்.

அவர் இறங்கும் நிறுத்தம் தூரத்தில் தெரிந்தபோதே டிரைவர் வேகத்தைக் குறைத்தார். தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோலப் பிரேக்கில் காலை வைத்தார். வண்டி நின்றது. ஜன்னலில் சாய்ந்திருந்த தலை அசையக்கூட இல்லை.

ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.

அக்கா தானாக விழித்து, "அட, வந்துடுச்சா!" என்று அவசரமாக எழுந்து இறங்கினார். அவருடைய இரண்டு பாதங்களும் தரையில் பதிந்ததைக் கண்ணாடியில் பார்த்த பிறகே, டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.