ஓட்டையை அடைத்த மறுநாள்

மதியச் சாப்பாடு முடிந்து குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, யாராவது விழித்துவிட்டார்களா என்று பார்க்க அக்கா உள்ளறைக் கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சுவிட்சுப் பலகையில் உடைந்த சுவிட்சைக் கழற்றிய இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதிலிருந்து தேனீ ஒன்று தலையை நீட்டி, வெளியே வந்து, பலகையின் மேல் நடந்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. அக்கா அண்ணாந்து பார்த்தாள். எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கைச் சுற்றி ஏற்கெனவே ஒரு கூட்டம் சுழன்றுகொண்டிருந்தது. கீழே, சுவரை ஒட்டிப் போட்ட பாய்களில் குழந்தைகள் வாய் பிளந்து தூங்கினார்கள்.

அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்திய பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் அது. கீழ்த்தளம் இவர்களுக்கு வாடகைக்கு, மாடியில் வீட்டுக்காரர். பழைய காலத்து இரட்டைச் சுவர். நடுவிலிருந்த இடைவெளியில் தேனீக்கள் கூடு கட்டியிருந்தது எல்லாருக்கும் தெரியும். வெளிப்பக்கம் காரை பெயர்ந்த சந்து வழியாக அவை பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. குழந்தைகள் சுவரில் காதை வைத்து, "உள்ள மோட்டார் ஓடுது" என்பார்கள். கூடு எடுப்பவரைக் கூப்பிடலாம் என்று தங்கை பலமுறை சொல்லிப் பார்த்தாள். சுவரை உடைக்க வேண்டியிருக்கும் என்றதும் வீட்டுக்காரரின் முகம் சுண்டிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் அவரே ஏணி போட்டு ஏறி, அந்தச் சந்து முழுவதையும் சிமெண்ட் வைத்துப் பூசி அடைத்தார். "அவ்வளவுதான்மா, தொல்லை விட்டுச்சு" என்று கையைத் தட்டிக்கொண்டே இறங்கினார்.

வெளியே போக வழியில்லாமல் போனவை இப்போது உள்ளே வழி கண்டுபிடித்துவிட்டன.

அக்கா சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. கல்லூரியில் படிக்கும்போது ஒரே ஒரு தேனீ கொட்டி, முகம் வீங்கி, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்தவள் அவள். ஆனாலும் கூடு எடுப்பவரின் எண்ணைத் தேடிப் போன் போட்டது அவள்தான்.

"அடைச்சிட்டீங்களா? யாரும்மா அடைக்கச் சொன்னது?" என்று அவர் பதறினார். "சரி, கேளுங்க. முதல்ல உள்ள இருக்கற விளக்க அணைங்க. வெளிச்சம் எங்கயோ அங்கதான் அதுங்க போகும். பின்பக்க ஜன்னலை மட்டும் நல்லா திறந்து விடுங்க. மத்த எடமெல்லாம் இருட்டா இருக்கட்டும். ஓடாதீங்க, அடிக்காதீங்க. முக்கியமா, பிள்ளைங்க வெளிய வர்ற வரைக்கும் அந்தச் சுவத்துல யாரும் கைய வைக்கக் கூடாது. நான் கிளம்பிட்டேன்."

அக்கா கூடத்து ஜன்னல்களைச் சாத்தினாள். "நீ வாசல்லயே நில்லு. நான் தூக்கிட்டு வந்து தர்றேன்."

"தனியா எத்தன தடவ போவே? நடுவுல ஒண்ணு முழிச்சு அழுதா எல்லாம் முழிச்சுக்கும்."

"உள்ள வராதன்னா வராத! போன தடவ பட்டது போதாதா உனக்கு?"

"முழுக்கைச் சட்டைதான் போட்டிருக்கேன்க்கா. பேசிட்டே நிக்காத, வா." தங்கை துப்பட்டாவைத் தலையோடு சுற்றி முடிந்துகொண்டாள்.

விளக்கை அணைத்து, பின்பக்க ஜன்னலைத் திறந்ததும் பாதிக் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. மீதி, மூலை இருட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ரீங்காரம் மட்டும் காதோரம் வந்து வந்து போனது. இருவரும் ஒவ்வொரு குழந்தையாகத் தோளில் சாய்த்து வெளியே கொண்டு வந்தார்கள். பக்கத்துத் தையற்கடைக்கார அம்மா மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்து, குழந்தைகளை வாங்கித் தன் கடைக்குள் துணிக்குவியலின் மேல் படுக்க வைத்தாள். எல்லாரும் பூசணி என்று கூப்பிடும் பையனைத் தூக்க அக்கா தங்கை இரண்டு பேரும் வேண்டியிருந்தது. அவன் குறட்டை கொஞ்சமும் தடைப்படவில்லை. மற்ற நாளாக இருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

கடைசியில் ஒருத்திதான் மிச்சம். வாய் ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கியவள். அவளைத் தூக்கக் குனிந்த தங்கை நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். குழந்தை விழித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கையில் தேனீக்கள் ஊர்ந்தன. ஒன்று காதோர முடிக்குள் புகுந்துகொண்டிருந்தது.

"சின்னம்மா, இது என் மேல நடக்குது."

"ஆமாடா கண்ணு. நடந்துட்டுப் போகட்டும். நீ அசையாம இரு."

"பேசினா கடிக்குமா?"

"கடிக்காது. ஆனாலும் பேச வேணாம்."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடு. சின்னம்மா விடற மாதிரி."

தங்கை முட்டி போட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். தன் மூச்சே தனக்குப் பெரிய சத்தமாகக் கேட்டது. பாயைக் குழந்தையோடு சேர்த்து, நூல் நூலாகச் சுவரைவிட்டு இழுத்தாள். சட்டையிலிருந்த ஒன்று எழும்பி ஜன்னல் பக்கம் போனது. பிறகு இன்னொன்று. காதோரம் இருந்தது மட்டும் போக மனமில்லாமல் அங்கேயே சுற்றியது. தங்கை குனிந்து லேசாக ஊதினாள். அதுவும் பறந்தது.

அந்த நேரத்தில்தான் சுவர் அதிர்ந்தது. டம்!

தையற்கடை வாசலில் விஷயத்தைக் கேள்விப்பட்ட வீட்டுக்காரர், செய்த தப்பைச் சரி செய்கிறேன் என்று சுத்தியலோடு ஏணியில் ஏறிவிட்டிருந்தார். "அண்ணே, நிறுத்துங்க! பிள்ள உள்ள இருக்கு!" என்று அக்கா அலறிக்கொண்டு ஓடுவதற்குள் இரண்டாவது அடியும் விழுந்தது.

உள்ளே ரீங்காரம் ஒரே உறுமலாக மாறியது. ஓட்டையிலிருந்து தேனீக்கள் கூட்டமாகப் பாய்ந்து வந்தன. தங்கை தலையிலிருந்த துப்பட்டாவை உருவிக் குழந்தையை மொத்தமாகச் சுற்றி, நெஞ்சோடு அழுத்திக்கொண்டு ஓடினாள். கூடத்தைத் தாண்டும்போது பிடரியில் ஒன்று கொட்டியது. கண் இமையில் ஒன்று. வாசலில் குழந்தையை அக்காவின் கையில் திணித்தாள். "இவளுக்கு ஒண்ணும் படல" என்றாள். அதற்கு மேல் குரல் வரவில்லை.

அதற்குள் வெளியே அடைத்த சந்தும் உடைந்து, வீட்டுக்காரர் ஏணியிலிருந்து குதித்திருந்தார். தேனீ கொட்டி அவருடைய ஒரு கண் மூடிக்கொண்டு வந்தது. தங்கையின் உதடு தடிப்பதைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தன் காரை எடுத்தார். திறந்திருந்த மற்றக் கண்ணோடு, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார். பின் இருக்கையில் தங்கையின் மூச்சு விசிலடித்தது. "என்னப் பாருடி, தூங்காத. திட்டணும்னா என்னத் திட்டு. கண்ண மட்டும் மூடாத" என்று அக்கா அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். தங்கையின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தன. ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது அந்தப் பிடி தளர்ந்திருந்தது.

உடனே ஊசி போட்டார்கள். பிராணவாயு வைத்தார்கள். டாக்டர் வெளியே வந்து, "தப்பிச்சாங்க. நேரத்துல கொண்டு வந்துட்டீங்க" என்று சொன்ன பிறகுதான் அக்கா சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலையேம்மா. பெத்தவங்ககிட்ட இத சொல்லித்தான் ஆகணுமா?"

அக்காவுக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. சொன்னால் நாளைக்கே பாதிப் பேர் வேறு இடம் பார்ப்பார்கள். ஆனாலும் போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். சுவருக்குள் கூடு இருப்பது தெரிந்தும் அங்கேயே படுக்க வைத்ததையும் சேர்த்தே சொன்னாள். ஓர் அப்பா கத்தித் தீர்த்தார். ஓர் அம்மா பாதியிலேயே போனை வைத்துவிட்டார். ரேடியோவின் அம்மா மட்டும் அழுதுகொண்டே, "உங்க தங்கச்சி எப்படி இருக்காங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அன்றே வந்து பார்த்துவிட்டுப் போன கூடு எடுப்பவர், தேனீக்கள் அடங்கிய பிறகு அந்த வார இறுதியில் சுவரைத் திறந்தார். ஆளுயரத்துக்குத் தேனடைகள் தொங்கின. ஒவ்வொன்றாக அறுத்துப் பெட்டியில் வைத்து மூடினார். கண் வீக்கம் இன்னும் வடியாத வீட்டுக்காரர் தள்ளி நின்று பார்த்தார். பெட்டி போனதும் உடைத்த சுவரை அவரே பூசிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை சிலர் வரவில்லை. வந்தவர்கள் குழந்தையை வாசலில் விட்டுவிட்டுப் போகாமல், செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, புதுப் பூச்சின் மேல் கையை வைத்துப் பார்த்தார்கள். ஓர் அம்மா காதையும் வைத்தார். அக்கா அவர்களைத் தடுக்கவில்லை. ஒவ்வோர் அறையாகத் தானே கூட்டிப் போய்க் காட்டினாள். தங்கை கூடத்தில், இன்னும் கரகரக்கும் தொண்டையோடு, வந்த குழந்தைகளுக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தாள்.