ஷிபினுக்கு வந்த இழுப்பு

வலியசாலையில் பெயின்ட் கடை வைத்திருக்கும் பிரதீஷ், சைக்கிளில் ஊட்டிக்குப் போகிறேன் என்று மூன்று மாதமாகக் கண்டவரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தான். கிளம்பிய அன்று தெருவே திரண்டு அவனுக்கு மாலை போட்டது. கூடப் போன சிநேகிதன் ஷிபினுக்கு மாலை இல்லை. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆளும் இல்லை.

இரண்டாம் நாளே இருவரும் மினி லாரியில் திரும்பி வந்தார்கள். தென்மலை தாண்டி மலையேறும்போது காட்டுத்தீ. தீ எங்கோ தூரத்தில்தான். புகைதான் சாலைக்கு இறங்கிவிட்டது. முன்னால் போகிற சைக்கிள் தெரியவில்லை. பிரதீஷ் நடுரோட்டில் உட்கார்ந்து, செத்துப்போவேன் என்று வாய்விட்டு அழுதான். ஷிபின்தான் துண்டை நனைத்து அவன் முகத்தில் கட்டி, "பேடிக்காதே மக்கா, நான் இருக்கேன்லா" என்று கைத்தாங்கலாக நடத்தி, வந்த லாரியை மறித்து ஏற்றினான். புகை அடங்கியதும் ஷிபின் தனியாகவே ஊட்டிக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

பிரதீஷ் தன் வீட்டு வாசலில் இறங்கியதும் மனைவி ஆர்ஷாவும் அக்கம்பக்கமும் சூழ்ந்துகொண்டார்கள். ஷிபின் அதற்குள் தன் வீட்டுக்குப் போயிருந்தான். பிரதீஷின் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது: "புகையில ஷிபினுக்கு மூச்சு முட்டி இழுப்பு வந்துட்டு. அவனை விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

எல்லோரும் அவன் முதுகைத் தட்டினார்கள். வெட்கங்கெட்டவன், நின்று வாங்கிக்கொண்டான்.

மறுநாள் ஷிபின் கடைக்கு வந்தான். "எனக்கு எப்பம்லே இழுப்பு வந்தது?" என்று கேட்டுச் சிரித்தான். பிரதீஷ் தலையைத் தூக்கவில்லை. "சரி, போட்டும்" என்று ஷிபினே பேச்சை முடித்தான். இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது பிரதீஷுக்கு. அன்று முதல் ஷிபின் தெருவில் வருவதைக் கண்டால் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் குனிந்துகொள்வான்.

ஷிபினுக்கு நாகர்கோவிலில் பெண் பேசியிருந்தார்கள். பெயர் பொன்செல்வி. நிச்சயத்துக்கு நாள் குறிப்பதுதான் பாக்கி. அதற்குள் பையன் அவளோடு ஃபோனிலேயே குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டான். ஒரு நாள் காலை பெண்ணின் தாய்மாமன் பகவதிப்பெருமாள் பிரதீஷின் கடை வாசலில் காரை நிறுத்தி இறங்கினார். பையன் எப்படி என்று தெருவில் விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"தம்பி, உள்ளதைச் சொல்லணும். பையனுக்கு இழுப்பு உண்டுன்னு எல்லாரும் சொல்லுகா. நீங்கதானே கூடப் போன ஆளு?"

கல்லாவில் ஆர்ஷா இருந்தாள். இவள் முன்னால் சொல்லவேண்டுமே என்று பிரதீஷ் கூசினான். ஆனாலும் சொன்னான்.

"அவனுக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நடுரோட்டில இருந்து அழுதது நானாக்கும். அவன்தான் என்னைக் கூட்டிட்டு வந்தான். இழுப்புன்னு நான் சொன்னது கள்ளம்."

பகவதிப்பெருமாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"கூட்டுக்காரனுக்காகத் தன் மானத்தையே விட்டுக் குடுக்கேளே தம்பி! இந்தக் காலத்தில ஆரு செய்வா? ஆனா எங்க பிள்ளையைத் தெரிஞ்சே ஒரு நோயாளிக்குக் கட்டிக் குடுக்க முடியாதில்லா."

"சத்தியமா அண்ணாச்சி, நான் சொன்னது உள்ளதாக்கும்!" பிரதீஷ் கார் வரைக்கும் ஓடினான். அவர் கண்ணாடியை இறக்கி, கோயிலில் கும்பிடுவதுபோல் அவனைக் கும்பிட்டார். கார் போய்விட்டது.

திரும்பி வந்தபோது ஆர்ஷா எழுந்து நின்றிருந்தாள்.

"அவர் நம்பல்ல. நான் நம்பிட்டேன்" என்றாள். "இனி ஷிபின் அண்ணன்கிட்ட போய் இதை ஆரு சொல்லுவா?"