நாலாவது ரிப்

பரிசோதகர் ரங்கராஜன் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பத்தரைக்கே தவநாயகி உழுந்து வடையைச் சுட்டு மூடி வைத்துவிட்டு, முன்னறை வாசலில் வந்து நின்றாள்.

ஈஸ்ட் ஹாமில் அவர்கள் வாங்கிய வீட்டில், முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவிலிருந்த சுவரை முன்பு இருந்தவர்களே இடித்து ஒன்றாக்கியிருந்தார்கள். அந்த நீள அறையில் இப்போது சோபா இல்லை, டிவி இல்லை. நாலு மரக்கால்களின் மேல் ஒரு விமானத்தின் இடது இறக்கை கிடந்தது. மேல் தகடு அடித்தாகிவிட்டது. இறக்கையைக் குப்புறப் புரட்டிப் போட்டிருந்ததால் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே தெரிந்தது. மீனின் முள்ளுகள் போல வரிசையாக நின்ற குறுக்குச் சட்டங்களை அவள் புருஷன் சண்முகராசா ‘ரிப்’ என்பார். அவளும் அப்படியே சொல்லப் பழகியிருந்தாள்.

சண்முகராசா ரயில் பணிமனையில் மின் திருத்துநர். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வேலையிடத்து ஆட்கள் சேர்ந்து அவரை எசெக்ஸ் பக்கம் ஒரு சின்ன விமானத்தில் அரைமணி நேரம் பறக்க அனுப்பினார்கள். இறங்கி வந்த மனிதர் பதினாலு நாள், முழுசாக இரண்டு கிழமை, சரியாகப் பேசவில்லை. மூன்றாம் கிழமை, பெட்டிகளில் பாகம் பாகமாக வருவதை வீட்டிலேயே பூட்டிச் செய்யும் இருவர் விமானம் ஒன்றின் படத்தைக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்தார். “மற்ற சீற் உமக்குத்தான்,” என்றார். அது 2004இல். இப்போது 2006 ஏப்ரல்.

முதலில் அவள் வேடிக்கைதான் பார்த்தாள். பிறகு, தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணியை அடிக்க இரண்டு பேர் வேண்டும் என்று தெரிந்தது. வெளியே ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் அடிக்க, உள்ளே ஒருவர் இரும்புக் கட்டியைப் பிடித்து முட்டுக் கொடுக்க வேண்டும். அவளுடைய மெலிந்த கை ரிப்பின் ஓட்டைகளுக்குள் முழங்கைவரை போனது. இரண்டாயிரம் ரிவெட்டுக்குப் பிறகு, முட்டுச் சரியாக விழுந்ததா என்று சத்தத்தை வைத்தே சொல்லப் பழகிவிட்டாள்.

மூன்று கிழமைக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் பகல் ஷிப்டில் இருந்தபோது அது நடந்தது. நாலாவது ரிப்பின் பின் நுனியில், வயர் பிடிக்கும் சின்னக் கிளிப் ஒன்றுக்கு அவர் அடையாளம் போட்டு வைத்திருந்தார். துளைத்து வைத்தால் அவருக்கு வேலை குறையுமே என்று அவள் துளைகருவியை எடுத்தாள். அலகு வழுக்கியது. ஒரு துளைக்கு மேலே இன்னொரு துளை ஏறி, 8 என்ற இலக்கம் போல ஆகிவிட்டது. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிளிப்பை மேலே வைத்து, நுனியானதால் கையால் நெரிக்கும் கருவியாலேயே தனியாக ரிவெட்டை ஏற்றினாள். அச்சொட்டாக உட்கார்ந்தது. ஓட்டை இருந்ததற்கு அடையாளமே இல்லை.

அவர் வேலையால் வந்ததும் சொல்லத்தான் இருந்தாள். ஆனால் அவர் சப்பாத்தையும் கழற்றாமல் குனிந்து பார்த்து, “நீரே தனியச் செய்தனீரோ? நான் செய்தாலும் இப்பிடி வராது,” என்று முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் வாய் திறக்கவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்றிருந்தாள். அடுத்த நாள் சொல்லுவது இன்னும் கடினமாக இருந்தது.

அவளுடைய வேலை அப்படி. ஆசுப்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கருவிகளை எண்ணித் தட்டில் அடுக்குகிறவள் அவள். ஒரு கத்தரிக்கோல் குறைந்தாலும் தட்டு அசையக் கூடாது. பதினாறு வருஷத்தில் ஒரு முறையும் பிழை விட்டதில்லை. அந்தப் பெயர் எடுத்தவளுக்குத்தான் இந்த மௌனம் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. இன்றைக்குப் பரிசோதகர் பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டால் கீழ்த் தகட்டை அடித்து மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆர் கண்ணுக்கும் அது தெரியாது. அவர்களோடு வானத்துக்கு மட்டும் வரும்.

ரங்கராஜன் நேரம் பிசகாமல் வந்தார். திருச்சிக்காரர். முப்பது வருஷம் பெரிய விமானங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டில் விமானம் செய்கிறவர்களின் சங்கத்துக்காகப் பரிசோதனை செய்கிறார். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, டார்ச்சையும், கம்பி நுனியில் பூட்டிய சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு இறக்கைக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டார். ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு ரிப்பாகப் பார்த்துக்கொண்டு போனார். நாலாவது ரிப்பில் வெளிச்சம் விழுந்தபோது தவநாயகி ஒரு அடி முன்னால் வைத்தாள். வெளிச்சம் ஐந்தாவதுக்குப் போய்விட்டது.

“ரொம்ப சுத்தமான வேலை, சார்,” என்று எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார் ரங்கராஜன். “மூடிடலாம். அந்தப் பதிவுப் புத்தகத்தைக் கொடுங்க.”

சண்முகராசா ஓடிப்போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். ரங்கராஜன் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“பொறுங்கோ ஐயா,” என்றாள் தவநாயகி. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “ஒண்டு பிழையா இருக்கு. நான்தான் செய்தனான்.”

இரண்டு ஆண்களும் திரும்பினார்கள். அவள் போய் நாலாவது ரிப்பின் நுனியில் விரலை வைத்தாள். “இந்தக் கிளிப்புக்குக் கீழ ரெண்டு ஓட்டை ஒண்டாப் போச்சுது. மறைச்சுப்போட்டு ரிவெட் அடிச்சிட்டன்.”

சண்முகராசா குனிந்து அந்தக் கிளிப்பைப் பார்த்தார். ரங்கராஜன்தான், “கழட்டிப் பாத்துடலாமே,” என்றார். சண்முகராசா துளைகருவியை எடுத்து வந்து ரிவெட்டின் மேல் வைத்தார். ரிவெட்டின் தலை கழன்றது. கிளிப் கையோடு வந்தது. அந்த 8 அப்படியே வெளிச்சத்துக்கு வந்தது.

ரங்கராஜன் இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இன்னொரு தரம் அளந்தார். தவநாயகி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“இறக்கை ஒடிஞ்சு விழாதும்மா, பயப்படாதீங்க,” என்றார் கடைசியில். “ஆனா அதிர்வு இருக்கு பாருங்க, நாலஞ்சு வருஷத்துல இங்கேருந்து ஒரு கீறல் ஓட ஆரம்பிச்சிருக்கும். உள்ளே யாரு பாக்கப் போறா? நல்லவேளை சொன்னீங்க.”

“ரிப்பையே மாத்த வேணுமோ?” என்று கேட்டார் சண்முகராசா. ரிப்பை மாற்றுவதென்றால் மேல் தகட்டையே கழற்ற வேண்டும். ஐந்து மாத வேலை.

“அதெல்லாம் வேண்டாம். மேல ஒரு சின்னத் தகடு வெட்டி வச்சு, புது எடத்துல நாலு ரிவெட். எல்லாரும் செய்யறதுதான். இந்தத் தப்பைச் செய்யாத ஆளை நான் இதுவரைக்கும் பாத்ததில்லே. நான் வரைஞ்சு தர்றேன், அடுத்த சனிக்கிழமை வந்து பாக்கறேன்.” வரைந்தார். வடை மூன்று சாப்பிட்டார். போய்விட்டார்.

கதவு சாத்தியதும் சண்முகராசா பின்பக்கத் தோட்டத்துக்குப் போய், காற்று அமுக்கும் இயந்திரம் இருந்த கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். தவநாயகி செருப்பையும் மாட்டாமல் பின்னால் போனாள்.

“ஏசுறதெண்டா ஏசுங்கோ. இப்பிடிச் சும்மா நிக்காதேங்கோ.”

“மூண்டு கிழமை,” என்றார் அவர் திரும்பாமல். “என்னட்டைச் சொல்ல ஏலாத அளவுக்கு நான் அவ்வளவு பொல்லாதவனோ?”

“பொல்லாதவரெண்டா அண்டைக்கே சொல்லியிருப்பன். நீங்கள் புகழ்ந்துபோட்டியள். அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது?”

அவர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் உதடு சிரிப்பதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தது. “அப்ப இனிமேல் புகழமாட்டன்.”

“அதுக்காக ஒரேயடியா நிப்பாட்ட வேண்டாம்,” என்றாள் அவள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சத்தத்தில் அவளுடைய தோள் இரண்டும் தானாகவே இறங்கின. மூன்று கிழமையாக அவற்றை உயர்த்திப் பிடித்துக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

தகட்டை அன்று பின்னேரமே வெட்டினார்கள். நாலு துளையையும் அவளே போட வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். முதல் துளைக்கு அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. நாலாவதுக்கு அடிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை ரங்கராஜன் வந்து, பத்து நிமிஷம் பார்த்து, நின்ற நிலையிலேயே கையெழுத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, சத்தம் வரும் என்று அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிவிட்டு, கீழ்த் தகட்டை மூடத் தொடங்கினார்கள். வேலை மெல்லத்தான் நகர்ந்தது. கடைசி வரிசைக்கு வந்தபோது வெயில் முன்னறை ஜன்னலால் உள்ளே வந்திருந்தது. தவநாயகி தோள்வரை கையை இறக்கைக்குள் விட்டு, கன்னத்தைக் குளிர்ந்த தகட்டில் சாய்த்துக்கொண்டு, இரும்புக் கட்டியால் இடத்தைத் தடவித் தேடினாள்.

“பிடிச்சிட்டீரோ?” என்று மேலிருந்து கேட்டார் சண்முகராசா.

“ஓம்,” என்றாள் அவள். “அடியுங்கோ.”