ஒரு கட்டம் தள்ளி வரைந்த பரவளையம்

ஸ்ரீரஞ்சனிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், மெல்போர்னில் இருக்கும் அவள் அண்ணன் ஷ்ரேயாஸ் 'ஐ.டி.' என்று சொல்லி முடித்துக்கொள்வான். உண்மையில் அவள் காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை பரவளையம் வரைகிறாள். தொம்மலூரில் மேம்பாலத்தைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், போன் வழியாகப் பாடம் விற்கும் ஒரு கம்பெனி இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் இருபடிச் சார்புகள் என்று ஒரு பாடம். அதில் வரும் ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் வரைபடம் போட்டு, கீழே இரண்டு வரி விளக்கம் எழுதி, 'தயாரித்தவர்: ஸ்ரீரஞ்சனி' என்று முடித்து ஏற்றிவிட வேண்டும். நாற்பத்தொரு வயதில் இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்களே என்று அவளுக்கே சில நாள் ஆச்சரியமாக இருக்கும்.

ஒரு காலத்தில் அந்த மாடியில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். வாரத்துக்கு ஒரு பிறந்தநாள் வந்து எல்லோரும் கேக் தின்று தின்றே பெருத்தார்கள். பிறகு கம்பெனி இளைத்தது. சிலரை அனுப்பினார்கள், சிலர் தாமே போனார்கள், குழுத் தலைவர் சுதீரை ஊரின் மறுகோடியில் இருந்த கிளைக்கு மாற்றினார்கள். கணக்கு வரிசையில் மிஞ்சியவள் இவள் மட்டும். கேன்டீன் அம்மாள் தினமும் 'ஊட்டா ஆய்தா மேடம்?' என்று கன்னடத்தில் கேட்பாள், இவளும் 'ஆய்து' என்பாள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்ற இந்த இரண்டு சொல்லோடு அநேக நாட்கள் அவளுடைய பேச்சு முடிந்துவிடும்.

வீடு ஐந்து நிமிட நடை. அப்பா சேஷகிரி மாநில அரசில் இன்ஜினியராக இருந்தபோது கட்டியது. அவர் போய் ஒன்பது வருஷம், அம்மா போய் இரண்டு வருஷம். கீழ்ப் போர்ஷனை ஒரு டிசைன் ஆபீசுக்கு விட்டிருந்தாள். ஆறு மணிக்கு அவர்கள் ஷட்டரை இறக்கிவிட்டால் அந்த வீட்டில் அப்புறம் சத்தம் போடுவது குக்கர்தான். அவளுக்குத் தனிமையாக இருந்தது. இதை வேறு சொல்லால் மூடி மறைப்பதற்கு ஒன்றுமில்லை, மறைக்க ஆளும் இல்லை.

வரைபடத்தில் தவறு இருந்தால் படிப்பவர்கள் புகார் அனுப்ப ஒரு பெட்டி உண்டு. இரண்டு வருஷமாக அதில் வந்ததெல்லாம் 'போன் சூடாகிறது' என்கிற வகைப் புகார்கள்தான். பிப்ரவரியில் ஒரு நாள், மாலை ஐந்து பத்துக்கு, ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது. பெயர் ஐரின்.

"இந்தப் படத்துல கோடு இறங்கிக்கிட்டே இருக்கு. மேல ஏறவே ஏறாதா? நீங்க தமிழா?"

y = x² − 10x + 21. ஸ்ரீரஞ்சனி படத்தைத் திறந்து பார்த்தாள். x-க்கு மைனஸ் மூன்று முதல் மூன்று வரை ஏழு மதிப்பு போட வேண்டும் என்பது சுதீர் வகுத்த சட்டம். எந்தச் சமன்பாடு வந்தாலும் அதே ஏழுதான், இருபத்திரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் போட்டார்கள். இந்தக் கோடு அறுபதில் கிளம்பி, நாற்பத்தைந்து, முப்பத்திரண்டு என்று சறுக்கி, x மூன்றாகும்போது பூஜ்யத்தில் வந்து விழுந்து கிடந்தது. அங்கேயே படம் முடிந்துவிட்டது. ஐந்து வரை போயிருந்தால் மைனஸ் நாலில் திரும்பியிருக்கும், ஏழில் மறுபடி தரையைத் தொட்டிருக்கும், அப்புறம் ஏறு ஏறென்று ஏறியிருக்கும். திரும்புகிற இடமே இல்லாமல் ஒரு பரவளையத்தை வரைந்து, கீழே தன் பெயரையும் போட்டிருக்கிறாள். மானம் போயிற்று. ஆனால் அதைவிட, 'ஏறவே ஏறாதா' என்று யாரோ கேட்டதுதான் அவளை உறுத்தியது.

பதில் எழுத முடியாது. படிப்பவர்களோடு சொந்தமாகப் பேசக் கூடாது என்பது விதி. மூன்று பதில்கள் தயாராக இருக்கும், அதில் ஒன்றை அமுக்க வேண்டும். 'உங்கள் கருத்து சரி, திருத்திவிட்டோம், நன்றி' என்பது ஒன்று. 'பரிசீலிக்கிறோம்' என்பது இன்னொன்று. 'படத்தில் தவறில்லை' என்பது மூன்றாவது. 'ஏறுங்க, இன்னும் ரெண்டு கட்டம் போகணும்' என்று சொல்ல அவளுக்கு வாய் துடித்தது. படத்தை எட்டு வரை நீட்டிவிட்டு முதல் பதிலை அமுக்கினாள். நீங்க தமிழா என்ற கேள்விக்கும் அதே பதில்தான் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் ஐந்து பத்துக்கு வந்தது: "கருத்து சரின்னு போட்டிருந்தீங்க. அப்ப தமிழ்தான். சந்தோஷம்."

அன்று வீட்டுக்கு நடக்கும்போது ஸ்ரீரஞ்சனி தனியாகச் சிரித்தாள். பூக்காரம்மா ஒரு மாதிரி பார்த்தாள்.

அதன் பிறகு தினமும் வந்தது. துண்டு துண்டாக ஐரினின் கதையும் தெரிந்தது. ஜீவனஹள்ளியில் வீடு. ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை. வயது நாற்பத்தொன்பது, முட்டி போய்விட்டது, வார்டில் நிற்க முடியவில்லை. பத்தாவது பாஸ் செய்தால் ரெகார்ட் ரூமுக்கு மாற்றுகிறோம் என்றிருக்கிறார்கள், அங்கே உட்கார நாற்காலி உண்டு. அதற்காகப் பிரைவேட்டாகப் பரீட்சைக்குப் பணம் கட்டியிருக்கிறாள். ஷிப்ட் முடிந்து பஸ்சில் உட்கார்ந்ததும் போனை எடுப்பாள், அதுதான் ஐந்து பத்து.

அவள் சரிபார்க்கும் முறையே தனி. ஆப்பில் இருக்கும் படத்தைக் கட்டம் கட்டமாக எண்ணி கிராஃப் பேப்பரில் எடுத்துக்கொள்வாள். நடுவில் இருக்கும் சமச்சீர் அச்சில் பேப்பரை மடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பாள். இடப்பக்கப் புள்ளிகள் வலப்பக்கப் புள்ளிகளின் மேல் உட்கார்ந்தால் படம் சரி. "எல்லாப் புள்ளியும் ஜோடி சேந்துடுது. முனை மட்டும் மடிப்புலயே ஒத்தையா நிக்குது, எங்க வார்டுல நான் நிக்கற மாதிரி" என்று ஒரு நாள் எழுதியிருந்தாள். ஸ்ரீரஞ்சனி அதைப் பலமுறை படித்தாள். பரவளையம் திரும்புகிற புள்ளியான முனைக்கு ஜோடி இல்லை என்பது அவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். அது ஒரு வருத்தமான விஷயம் என்று அதுவரை தோன்றியதில்லை.

சுதீரின் ஏழு மதிப்பு வைத்து வரைந்த படங்களையெல்லாம் இவள் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். ஒரு மாதத்தில் பாடம் முழுக்கச் சுத்தமாயிற்று. அதோடு ஐரினின் கடிதங்களும் நின்றன. தவறில்லாத படத்துக்கு யார் புகார் எழுதுவார்கள்? நாலு நாள் ஐந்து பத்துக்குப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தாள். ஐந்தாம் நாள், நன்றாக இருந்த ஒரு படத்தில் ஒரே ஒரு புள்ளியை ஒரு கட்டம் தூக்கி வைத்தாள்.

அன்று மாலையே வந்துவிட்டது. "மடிச்சுப் பாத்தேன், வலது பக்கம் ஒண்ணு மட்டும் தூக்கிக்கிட்டு நிக்குது. உடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

உடம்பு சரியில்லையா என்று அவளைக் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? வாரத்துக்கு மூன்று முறை புள்ளியைத் தூக்கினாள், இறக்கினாள். ஐரின் பிடித்தாள், இவள் திருத்தினாள். வேறு யாருக்கும் கண்ணில் படுவதற்குள் சரிசெய்துவிடுகிறோமே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். அது பொய்ச் சமாதானம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

ஆனால் ஐரின் தேறிவிட்டாள். ஒற்றை வரியில் 'அஞ்சாவது புள்ளி தப்பு' என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். வார்டு இல்லை, முட்டி இல்லை, விசாரிப்பு இல்லை. கொஞ்சம் பெரிய தவறாகச் செய்தால் கொஞ்சம் பெரிய கடிதமாக வரும் என்று ஸ்ரீரஞ்சனிக்குத் தோன்றியது. ஒரு வியாழக்கிழமை y = x² − 6x + 11 என்ற சமன்பாட்டை எடுத்தாள். முனை மூன்றில் வர வேண்டும். முழுப் பரவளையத்தையும் அப்படியே தூக்கி, ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளி, நாலில் வைத்தாள்.

அன்று மாலை ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்து பத்துக்குக் கடிதம் வந்தது. அவள் ஆசைப்பட்டபடியே பெரிய கடிதம்.

"மேடம், முனை எனக்கு மூணுல வருது. உங்க படத்துல நாலுல இருக்கு. உங்களது தப்பா இருக்கும்னு மடிச்சுப் பாத்தேன். கரெக்டா ஜோடி சேருது, ஒரு புள்ளி கூட பிசகல. அப்ப என் கணக்குதான் தப்பு. நாலு தடவை போட்டேன், நாலு தடவையும் மூணுதான் வருது. எங்க தப்பு பண்றேன்னே எனக்குத் தெரியல. திங்கக்கிழமை பரீட்சை. நான் எழுதல மேடம். இந்த வயசுல இது எனக்கு ஏறாது. இவ்வளவு நாள் நான் சொன்னதையெல்லாம் கேட்டு மாத்தினீங்க, அதுவே எனக்குப் பெருசு. ரொம்ப தேங்க்ஸ்."

பரவளையத்தை முழுசாக நகர்த்தினால் சமச்சீர் கெடாது. எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அது தனக்குத்தானே பொருந்தும். மடித்துப் பார்ப்பவளுக்கு அதில் குற்றம் கண்டுபிடிக்க வழியே இல்லை. கணக்கு தெரிந்த ஸ்ரீரஞ்சனிக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும்தான் யோசிக்கவில்லை. சரியாகக் கணக்குப் போட்ட ஒருத்தியை, நாலு முறை சரியாகப் போட்டவளை, நீ தவறு என்று நம்ப வைத்துவிட்டாள். தனக்கு இரண்டு வரி அதிகமாக வேண்டும் என்பதற்காக.

படத்தை மூன்றுக்கு நகர்த்தினாள். முதல் பதிலை அமுக்கினாள். அது போதாது. திருத்திய படம் புகார் செய்தவருக்குப் போகும்போது கீழே உள்ள விளக்கமும் சேர்ந்து போகும். அந்த இரண்டு வரி இடத்தில் எழுதினாள்: 'முன்பு இருந்த படம் தவறு. முனை x = 3-இல்தான். மூன்று என்று கணக்கிட்டவரின் விடை ஒவ்வொரு முறையும் சரியாகவே இருந்தது. அவர் திங்கட்கிழமை தேர்வை எழுத வேண்டும்.' ஆயிரக்கணக்கான பேர் பார்க்கும் இடம் அது. ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள், சாப்பிடவில்லை.

ஐரின் அதைப் பார்த்தாளா என்று அறிய வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பொறுக்காமல் ஆட்டோ பிடித்து ஜீவனஹள்ளிக்குப் போனாள். சர்ச் விட்டு ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். முட்டி வலியோடு படியிறங்கும் ஐம்பது வயதுப் பெண்கள் அவள் எண்ணியவரை பதினாலு பேர். ஒரு அம்மாளிடம் தயங்கித் தயங்கி, ஐரின் என்று நர்சிங் ஹோமில் வேலை செய்கிறவர் யாராவது உண்டா என்று விசாரித்தாள்.

"எந்த ஐரின்மா? இங்க தெருவுக்கு ரெண்டு ஐரின். நீ என்ன வேணும் அவளுக்கு?" என்றாள் அந்த அம்மாள்.

என்ன வேணும்? ஸ்ரீரஞ்சனி யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை சுதீர் போன் செய்தார். பாட விளக்கத்தில் தேர்வை எழுத வேண்டும் என்று யாருக்கு உபதேசம் செய்திருக்கிறாய், உடனே எடு என்றார். மாலையில் எடுக்கிறேன் என்றாள். பரீட்சை முடிகிற நேரம்வரை எடுக்கவில்லை. அன்று ஐந்து பத்து வந்து போயிற்று, பெட்டி காலியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தது.

"எழுதிட்டேன் மேடம். ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் போனைப் பாத்தேன். கிராஃப் கேள்வி வந்துச்சு, பேப்பரை மடிச்சேன், சூப்பர்வைசர் திட்டினார். பாஸ் ஆயிடுவேன்னு நினைக்கறேன். ஒண்ணு கேக்கணும். ஒரு புள்ளி பிசகினா கை தவறினதுன்னு சொல்லலாம். முழுப் படமும் ஒரு கட்டம் தள்ளிப் போகுமா? ரெண்டு நாளா யோசிச்சேன். முன்னாடி புள்ளி பிசகினதெல்லாம் நான் கேட்ட அன்னிக்கேதான் சரியாச்சு. தெரிஞ்சேதான் பண்ணீங்களா?"

கீழே மூன்று பதில்கள் வரிசையாக நின்றன. 'படத்தில் தவறில்லை' என்பதை அமுக்கித் தப்பித்துக்கொள்ளலாம். 'பரிசீலிக்கிறோம்' என்பதை அமுக்கினால் நாளைக்கும் ஒரு கடிதம் வரக்கூடும். ஏன் செய்தேன் என்று சொல்ல அங்கே இடமே இல்லை. சொந்தமாக எழுதுகிற பெட்டி ஒன்று இருந்திருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பாள், கடைசியில் எல்லாம் தன் கஷ்டமாகவே இருந்திருக்கும். அவள் முதல் பதிலை அமுக்கினாள்.

உங்கள் கருத்து சரி. திருத்திவிட்டோம். நன்றி.

அதற்கப்புறம் ஐரினிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பரீட்சை முடிந்தவளுக்குக் கணக்கு ஆப் எதற்கு என்று ஸ்ரீரஞ்சனி சொல்லிக்கொண்டாள், அதுதான் காரணம் என்று நம்பவும் பார்த்தாள். ரெகார்ட் ரூமில் நாற்காலி கிடைத்ததா என்று தெரியாது. புள்ளியைத் தூக்குவதை அன்றோடு விட்டுவிட்டாள். இப்போது ஒவ்வொரு படத்தையும் வரைந்ததும் பிரிண்ட் எடுத்து, அச்சில் மடித்து, ஜன்னலில் பிடித்துப் பார்க்கிறாள். அதோடு விடாமல் முனையையும் தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிடுகிறாள். எல்லாம் சரியாக இருக்கிறது.

தெரியாமல், நிஜமாகவே கை தவறி, ஒரு பிழை விழுந்துவிடக் கூடாதா என்று சில நாள் ஆசையாக இருக்கும். ஆசைப்பட்டபின் விழுந்தால் அது தெரிந்து செய்ததாகிவிடும் என்பதால் இன்னும் கவனமாக வரைவாள். ஐந்து பத்துக்குப் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். பிறகு அடுத்த சமன்பாட்டை எடுப்பாள்.