நடுவெழுத்து

1

இந்தக் கதை ஒரு எழுத்துப் பிழைச் சந்தேகத்தில் பிறந்தது. பெரம்பலூரில் எனக்குத் தட்டச்சு செய்து தரும் கீதாஞ்சலி போனில் கேட்டார்: "சார், கடைசி வரியில இருக்கிறது 'வேணும்'மா, 'வேணாம்'மா? போட்டோல நடுவெழுத்து கலங்கலாத் தெரியுது."

அது நான் வாட்ஸப்பில் அனுப்பிய நகல். கையெழுத்துத் தாள் குரும்பலூரில் என் அலமாரியை விட்டு அசையாது. எடுத்துப் பார்த்தேன். அதிலேயே அந்த எழுத்தின் மேல் டீ சிந்தியிருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? 'ணு' போட்டேனா, 'ணா' போட்டேனா என்று எனக்கே நினைவில்லை.

2

தொடக்கம்: "செந்துறை பஸ் வருவதற்குள் வெற்றிச்செல்வி முடிவெடுத்தாக வேண்டும் என்று..." (அடித்துவிட்டேன். பஸ்ஸை வைத்து அவசரப்படுத்துவது சோம்பேறித்தனம்.)

"ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து அவள் அழுது..." (அவள் அழவில்லை. பிளஸ் டூவுக்கு உயிரியல் நடத்துகிறவள். அவளுக்கு முன்பே சந்தேகம் இருந்தது.)

சரி, அவள் பாடத்திலிருந்தே தொடங்குகிறேன். "டி.என்.ஏ.தான் மூலம். உட்கருவை விட்டு வெளிய வராது. அதைப் பாத்து எழுதுன நகல் ஆர்.என்.ஏ., அதுதான் வெளிய போவும். நகலை மூணு மூணு எழுத்தாப் படிச்சு, மூணெழுத்துக்கு ஒரு அமினோ அமிலமாக் கோத்தா புரதம்."

ரத்தத்தின் சிவப்புப் புரதத்தில், ஒரே ஒரு மூன்றெழுத்தின் நடுவெழுத்து மாறினால் போதும். வட்டமான ரத்த அணுக்கள் அரிவாளாய் வளையும். அவள் தம்பி வீரமுத்துவுக்கு அந்த நோய். வலி வந்தால் முழங்காலைக் கட்டிக்கொண்டு அலறுவான். அதை அவள் வகுப்பில் சொல்வதில்லை.

(நானும் என் தாளும் கீதாஞ்சலியும் இந்தப் பாடத்துக்குள் எப்படி வந்து மாட்டினோம் என்று கேட்காதீர்கள். நான் திட்டமிடவில்லை.)

3

அரியலூர் பஸ் நிலையம். ரஞ்சித்குமார் அவளுடைய அத்தை மகன், சிமென்ட் லாரி ஓட்டுகிறவன். சிறு வயதிலேயே பேசி வைத்த சம்பந்தம். அவளுக்கும் அவன்மேல் கொள்ளை ஆசை.

"டெஸ்ட்ல ரெண்டு பேருக்கும் ஒரு எழுத்துதானே தப்பு செல்வி? நாம நல்லாத்தானே இருக்கோம்."

"நம்மகிட்ட நல்ல பிரதியும் ஒண்ணு கூட இருக்கு மாமா. புள்ளைக்கு ரெண்டும் கெட்டதாப் போயிட்டா?"

"நாலுல ஒண்ணுதான்னாங்க."

"ஒவ்வொரு புள்ளைக்கும் நாலுல ஒண்ணு. வீரமுத்து கத்துனப்ப நீங்கதானே தூக்கிட்டு ஓடுனீங்க?"

அவன், "புள்ளையே இல்லாட்டியும் எனக்குச் சரி. நீ சொல்லு," என்றான்.

இந்த வரி என் முதல் பிரதியில் கிடையாது. அவனை முரடனாக்கி அவள் வேலையைச் சுலபமாக்கப் பார்த்தேன். அவன் அதற்கு ஒத்து வரவில்லை.

4

முடிவு ஒன்று: மணக்கிறார்கள். கருவிலேயே பரிசோதிக்கலாம். ஆனால் அந்தப் பரிசோதனை முடிவு வரும் நாளில் இதே கேள்வி வேறு உடுப்பில் வந்து நிற்கும்.

முடிவு இரண்டு: பிரிகிறார்கள். சொந்தக்காரர்கள் எங்கே பிரிவது? ஒவ்வொரு காதுகுத்துக்கும் அவன் பந்தியில் எதிரே உட்கார்ந்திருப்பான்.

கீதாஞ்சலி மறுபடி கூப்பிட்டார். "சார், ஒரு எழுத்துதானே? சொல்லிட்டீங்கன்னா முடிச்சிருவேன்."

"ஒரு எழுத்துதாம்மா," என்றேன். இடம் விட்டு அடிக்கச் சொல்லிவிட்டேன். அந்த எழுத்தை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். போடும்போது வீரமுத்துவையும் ரஞ்சித்குமாரையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெற்றிச்செல்வி அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"கல்யாணம் வே__ம் மாமா."