சரிவில் நின்ற டிராம்

பென்சில்வேனியாவில் எங்கள் ஊருக்கு வழி கேட்பவர்களிடம், "சரிவுல ஒரு டிராம் நிக்கும், அங்க இடது பக்கம் திரும்புங்க" என்றுதான் சொல்வோம். அது அந்தச் சரிவுக்கு வந்ததைக் கண்ணால் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

போர்க்காலத்தில் நகரத்தில் அந்த டிராமை ஓட்டியவள் ஸெல்மா பாவ்லிக். பிறகு டிராம்களை நிறுத்தியபோது வண்டிகளின் மரப்பகுதியை எரித்து இரும்பை எடுத்தார்கள். தன் வண்டியை மட்டும் அவள் கேட்டு வாங்கினாள். சக்கரங்களைக் கழற்றித்தான் கொடுத்தார்கள். அதை மலைப்பாதையோரம் இறக்கிச் சாப்பாட்டுக் கடையாக்கினாள். லாரிக்காரர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் அவள் வறுத்த உருளைக்கிழங்குக்காகவே வண்டியை நிறுத்துவார்கள்.

பிறகு மலையடிவாரத்தில் புதிய நெடுஞ்சாலை வந்தது. பழைய பாதை வெறிச்சோடியது.

"கடையை மூடிடலாம் ஸெல்மா," என்றார் அவள் கணவர் ஏமில்.

"எதுக்கு? ரோடு நகர்ந்தா நாமளும் நகருவோம். இது வண்டிதானே?"

"சக்கரமே இல்லாத வண்டி!"

"உன் தலையிலகூடத்தான் முடி இல்ல. பாக்கெட்ல சீப்பு வச்சிருக்கியே!"

பக்கத்துப் பண்ணைக்காரர் ஓடிஸ் ரீட் தன் டிராக்டர்களைக் கொண்டுவந்தார். டிராமின் அடியில் உருளும்படி மரக்கட்டைகளை வைத்து, அவர் வயல் வழியாகக் கீழே நெடுஞ்சாலையை நோக்கி இழுத்தோம். பாதிச் சரிவில் ஈர மண்ணில் கட்டைகள் புதைந்தன. வடம் அறுந்தது. டிராம் ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது.

"போச்சு. தரை காயாம இனி இழுக்க முடியாது," என்றார் ஓடிஸ்.

நாங்கள் ஸெல்மாவின் முகத்தைப் பார்த்தோம். அவள் கீழே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் பசியோட நிக்கிறீங்க. போய்க் கையைக் கழுவுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பை மூட்டினாள்.

வயல் நடுவே புகை விடும் சிவப்பு டிராம் சாலையில் போகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்குமா? ஒரு லாரி ஓரங்கட்டியது. ஓட்டுநர் மூச்சு வாங்க மேலேறி வந்தான்.

"என்னம்மா, வண்டி தடம் புரண்டுடுச்சா?"

"இல்லப்பா. இதுதான் ஸ்டாப். உக்காரு, முட்டை எப்படி வேணும்?"

அவனைப் பார்த்து இன்னும் இரண்டு லாரிகள் நின்றன. மாலைக்குள் முட்டை தீர்ந்துவிட்டது.

"தரை காஞ்சதும் இழுத்துடலாமா?" என்று கேட்டார் ஏமில்.

"சாப்பிடறவங்க இங்கேயே ஏறி வர்றாங்க. அப்புறம் எங்க இழுக்கறது?"

அந்தத் துண்டு நிலத்துக்கு ஈடாகத் தினமும் காலைச் சாப்பாடு கேட்டார் ஓடிஸ். ஸெல்மா அங்கேயே கைகுலுக்கி முடித்துவிட்டாள். அடியில் கல் அடுக்கி ஏமில் சாய்வைச் சரிசெய்தார். முழுக்கச் சரியாகவில்லை. காபிக் கோப்பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சாப்பிட நாங்களும் பழகிக்கொண்டோம்.